கொதிநீரில் மூன்று நிமிடம்

ஆம்பூர்
15 ஜூன் 2025, ஞாயிறு

அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். இனி எழுதும் கடிதங்களிலும் அப்படித்தான். நீங்களும் அப்படியே எழுதுவதாக இருந்தால் பதில் போடுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

இன்று காலை நீங்கள் போன் செய்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். அம்மா "கோயிலுக்குப் போயிருக்கா" என்று சொன்னது பொய். நான் பீரோ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா போனை வைத்துவிட்டு, "அஞ்சு மாசமா அப்பாகிட்ட பேசாத பொண்ணு உலகத்துலயே நீ ஒருத்திதான்டி" என்றாள். போனில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வரும்.

ஜனவரியில் அம்மாவின் தம்பி கோபி மாமாவை அடக்கம் செய்த மறுநாள் தோல் கம்பெனியிலிருந்து அதைக் கொண்டுவந்தீர்கள். "படிச்சுச் சொல்லு பாப்பா" என்றீர்கள். நான் படித்தேன். "மேற்படி கோபி, யாரும் சொல்லாமல், தானாகவே கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கினார்." மாமா அப்படி இறங்குகிற ஆள் இல்லை. கிணற்றை எட்டிப் பார்க்கவே பயப்படுவார். நான் அதைச் சொன்னேன். நீங்கள் என் பென்சில் பெட்டியைத் திறந்து என் பேனாவை எடுத்துச் சாட்சிக் கையெழுத்துப் போட்டீர்கள். மார்ச்சில் கம்பெனி உங்களைத் தென் சூடானுக்கு அனுப்பியது. அந்தப் பேனாவில் இப்போதும் மை இருக்கிறது. நான் எழுதுவதில்லை.

ஆனால் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியாமலும் இருக்க முடியவில்லை. ஆம்பூர் ஆபீஸ் கிளார்க் தபரேஸ் அண்ணன், மாதம் ஒரு முறை உங்கள் இடத்துக்கு கெமிக்கல் மாதிரிப் பார்சல் போகிறது, அங்கிருந்து சோதனைக்குத் தோல் துண்டுகள் வருகின்றன, நடுவில் கடிதத்தைச் செருகிவிடலாம் என்றார். "உங்கப்பா என் தோஸ்த் மாதிரி பாப்பா, ஆனா மேனேஜர் சாருக்குத் தெரிஞ்சா எனக்குப் பேஜார்" என்றும் சொன்னார்.

பள்ளியில் ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாட்டின் இயற்கை வளம் அந்த நாட்டிலேயே எப்படித் தொழிலாக மாற வேண்டும் என்பது தலைப்பு. எல்லோரும் இந்தியாவைப் பற்றி எழுதுகிறார்கள். என் அப்பா இருக்கும் நாடு எனக்கு ஒரு வயது ஆனபோதுதான் பிறந்தது. நான் அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அங்கே என்ன வளம் இருக்கிறது? யார் வேலை செய்கிறார்கள்? முக்கியமாக, தோல் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

மெர்சி


ஜூபா அருகில்
3 ஜூலை 2025

என் பாப்பாவுக்கு அப்பா இருதயராஜ் எழுதுவது.

உன் கடுதாசிய எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியல. திட்டித்தான் எழுதியிருக்கே. இருந்தாலும் உன் கையெழுத்தப் பாத்தேன் இல்ல, அது போதும். நான் எட்டாவதுதான். தப்பு இருந்தா சிவப்பு மையில சுழிச்சு வை.

இங்க டவர் கிடையாது. சைட் மேனேஜர் ரூம்ல மட்டும் நெட் இருக்கு. ஞாயித்துக்கிழமை ஆளுக்குப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துல நீ வருவியான்னு அஞ்சு நிமிஷம் காத்திருப்பேன்.

நீ கேட்டதுக்கு வர்றேன். இந்த ஊர்ல மனுஷங்களவிட மாடு ஜாஸ்தி. கொம்பு ஒண்ணொண்ணும் நம்ம வீட்டு வாசக்கதவு உசரம் இருக்கும். பொண்ணு கட்டணும்னாலும் மாடு, சண்டைய முடிக்கணும்னாலும் மாடு. ஆனா அறுத்த மாட்டோட தோல இன்னா பண்றாங்க தெரியுமா? பாதிய வெயில்ல போட்டுப் படுத்துக்குறாங்க. மீதிய லாரிக்காரன் உப்பு தடவி எல்லை தாண்டி எடுத்துட்டுப் போறான். அதே தோல் ஷூவா திரும்பி வருது. மண்ணும் மாடும் இவங்களது, ஷூ மட்டும் வேற யாரோடதோ. அத இங்கயே பதப்படுத்திக் காட்டத்தான் நம்ம கம்பெனி தோலப் போட்டுச் சுத்துற டிரம் ஆறு போட்டிருக்கு.

இன்னொரு சங்கதி. இங்க கருவேல மரம் காடா நிக்குது. அந்தக் காய்ல தோல் பதமாகும். போனின்னு ஒரு அம்மா. ஆமா, நம்ம ஊர் கடைக்காரங்க காலையில சொல்ற அதே போனி. அவங்க இருபது பொம்பளைங்களச் சேத்து மூட்டை மூட்டையா காய் கொண்டாராங்க. குழி வெட்டி காய்த்தண்ணியில நாலு வாரம் ஊறப்போட்டேன். முதல் தோல் வெளிய வந்தப்போ அந்தப் பொம்பளைங்க கத்தின கூச்சல் இருக்கே, பாப்பா, நீ கேட்டிருக்கணும். போனி தோல மோந்து பாத்துட்டு கன்னத்துல வச்சுக்கிட்டாங்க.

குரோம் கெமிக்கல் போடறது அப்புறம்தான், அது கலந்த தண்ணி விஷம். சுத்திகரிப்பு நிலையம் முடியாம ஒரு பிடி குரோம்கூட டிரம்முல விழாது. இது உனக்கு நான் கொடுக்குற சத்தியம். என் வார்த்தைய நம்ப வேணாம். துண்டு ஒண்ணு வச்சிருக்கேன், கொதிக்கிற தண்ணியில மூணு நிமிஷம் போடு. காய்ல பதமான தோல் சுருண்டுக்கும். குரோம்ல பதமானது அப்படியே கிடக்கும். டேனரியில இதத்தான் பாயில் டெஸ்ட்னு சொல்லுவோம். தோல் பொய் சொல்லாது.

அப்பா


ஆம்பூர்
20 ஜூலை 2025

அன்புள்ள அப்பா,

துண்டு வந்தது. கிராப் தாளில் வைத்து ஓரம் வரைந்துகொண்டேன். நீளம் எட்டு சென்டிமீட்டர், அகலம் ஐந்து. டீ பாத்திரத்தில் தண்ணீர் கொதித்ததும் போட்டேன். அரை நிமிடம் ஆவதற்குள் ஏதோ உயிர் வந்ததுபோல் புரண்டு, நெளிந்து, பிழிந்த முறுக்கு மாதிரி ஆகிவிட்டது. அதே தாளில் வைத்துப் பார்த்தேன். நான் வரைந்த கட்டத்தில் பாதிகூட இல்லை.

அம்மா ஷூ கம்பெனி ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்தாள். "டீ போடுற பாத்திரத்துல தோலா? நீ அவருக்குப் பொறந்தவதான்!" என்று கரண்டியை எடுத்தாள். நான் விவரம் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தாள். அந்தச் சுருண்ட துண்டை எடுத்து நிறைய நேரம் பார்த்தாள். பிறகு பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். பைபிள் இப்போது மூட மாட்டேன் என்கிறது.

நம் வீட்டுக் கிணற்றைப் பற்றியும் எழுதவேண்டும். கல் மூடியைத் தள்ளி ஒரு வாளி இறைத்தேன். சோப்பு நுரைக்கவில்லை. காய்ந்த வாளியின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது. கேன் தண்ணீர் வராத நாளில் பாலாற்றங்கரையில் குடியிருந்தும் நாங்கள் குடிக்க இல்லாமல் உட்கார்ந்திருக்கிறோம். நம் ஊரிலும் முதல் டேனரி வந்தபோது யாராவது இப்படிக் கூச்சலிட்டுச் சந்தோஷப்பட்டிருப்பார்கள் அல்லவா? போனி அம்மாவின் ஊர் அப்படி ஆகக்கூடாது. ஒரு நாடு நாம் செய்த தப்பைச் செய்யாமலேயே தொழில் தொடங்க முடியும் என்று என் கட்டுரையில் எழுதியிருக்கிறேன். சான்றாக உங்களைத்தான் காட்டியிருக்கிறேன். பெயர் போடவில்லை. "எனக்குத் தெரிந்த ஒரு தோல் தொழில்நுட்பர்" என்று போட்டேன்.

கோபி மாமா விஷயத்தை நான் மறக்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் தப்புகளைச் சுழிக்கவும் இல்லை.

மெர்சி


ஜூபா அருகில்
17 ஆகஸ்ட் 2025

பாப்பாவுக்கு,

வேலை ஜாஸ்தி. மழை விடாம பெய்யுது. லாரி சேத்துல மாட்டிக்கிச்சு. எல்லாம் நல்லபடியா போகுது. சுத்திகரிப்பு நிலையத்துக்கு நீல பெயின்ட் அடிச்சாச்சு. பாக்க அழகா இருக்கு. அக்டோபர் 18 திறப்பு விழா. மந்திரி வர்றாராம்.

உன் கட்டுரையில என்னப் பத்தி எழுத வேணாம் பாப்பா. வேற எதாவது எழுது.

அவசரத்துல இந்தத் தடவ தோல் துண்டு வைக்க மறந்துட்டேன். அம்மாவ நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு.

அப்பா


ஆம்பூர்
31 ஆகஸ்ட் 2025

அப்பா,

உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

நீங்கள் எதையும் மறக்கிறவர் இல்லை. ஸ்கூல் டூர் போனபோது என் பையில் நான் கேட்காமலேயே இரண்டு ஊக்கு குத்திவைத்தவர் நீங்கள். அதனால் நான் தபரேஸ் அண்ணனிடம் போய், பார்சலில் வந்த துண்டுகளில் ஒன்று வேண்டும் என்று கேட்டேன். "லேப்புக்குப் போற சாம்பிள் பாப்பா, கணக்கு இருக்கு" என்றார். நான் நகரவில்லை. கடைசியில் ஒரு மூலையைக் கத்தரித்துத் தந்தார். பழுப்பு நிறம். அதோடு கட்டியிருந்த சீட்டில் "கருவேலங்காய் பதம்" என்று எழுதியிருந்தது. உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

வெட்டிய ஓரத்தை ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தேன். மேலும் கீழும் பழுப்பு. நடுவில் நூல் அளவுக்கு ஒரு நீலக் கோடு, குரோம் தோலின் நிறம்.

புதுக் கிராப் தாளில் இதன் ஓரத்தையும் வரைந்துகொண்டு பாத்திரத்தை வைத்தேன். தண்ணீர் நன்றாகக் கொதிக்கும்வரை காத்திருந்தேன். போட்டேன். ஒரு நிமிடம். ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் சூடு கம்மியோ என்று அடுப்பைப் பெரிதாக்கினேன். இரண்டு நிமிடம். நான் அதைப் பார்த்து, "சுருங்கு, சுருங்கு" என்று சொன்னேன் அப்பா. சத்தமாகவே சொன்னேன். அம்மா ஓடிவந்தாள். மூன்று நிமிடம் ஆனது. பிறகு ஐந்து. அது தட்டையாக மிதந்துகொண்டிருந்தது. எடுத்து கிராப் தாளில் வைத்தேன். நான் வரைந்த கோட்டுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

அம்மா அடுப்பை அணைத்தாள்.

குரோம் போட்டுப் பதப்படுத்திவிட்டு, மேலே பழுப்புச் சாயம் ஏற்றி, பொய்ச் சீட்டு எழுதிக் கட்டியிருக்கிறீர்கள். இந்தத் தடவை யாருடைய பேனா?

கட்டுரைக்கு எனக்கு முதல் பரிசு கிடைத்தது. மேடைக்குப் போய் வாங்கினேன். டீச்சர் கைதட்டச் சொன்னார். நான் பொய்யை எழுதிப் பரிசு வாங்கியவளாகிவிட்டேன்.

தண்ணீர் எங்கே போகிறது? முதல் கடிதத்திலேயே கேட்டேன். நீங்கள் இதுவரை பதில் சொல்லவில்லை.

மெர்சி


ஜூபா அருகில்
3 அக்டோபர் 2025

பாப்பா,

உன் கடுதாசி வந்து மூணு வாரம் ஆகுது. தலகாணிக்குக் கீழ வச்சுக்கிட்டுத்தான் படுத்திருக்கேன். நாலு தடவ பதில் எழுதிக் கிழிச்சுட்டேன்.

ஜூலை கடைசியில ஒரு ஆர்டர் வந்துச்சு. காய்ப்பதத்துக்கு நாலு வாரம் ஆகும், குரோம்ல ரெண்டே நாள். சைட் மேனேஜர், "இருதயராஜ், டிரம்ம ஓட்டு"ன்னார். சுத்திகரிப்பு முடியட்டும் சார்னேன். "பெயின்ட் அடிச்சாச்சே, வேற இன்னா முடியணும்?"னு சிரிச்சார். அந்த நிலையம் நாலு சுவரும் ஒரு பம்பும்தான். பம்புக்கு ஒயரே இழுக்கல. நான் டிரம்ம ஓட்டிட்டேன். காய்ப்பதம்னு சீட்டு எழுதச் சொன்னாங்க, எழுதினேன். உன் மேல ஆணையா, எழுதும்போது நீ அந்தச் சீட்டப் படிப்பேன்னு எனக்குத் தோணவே இல்ல.

தண்ணி பின்னால பள்ளத்துக்குப் போகுது. போனி வீட்டு மாடு குடிக்கிற பள்ளம். குரோம் வந்ததும் காய் வேணாம்னு அந்தப் பொம்பளைங்கள நிறுத்திட்டாங்க. போன வாரம் போனி வந்தாங்க. காலி மூட்டைகள மடிச்சு என் மேசையில வச்சாங்க. அதுங்க பக்கத்துல ஒரு பாட்டில். உள்ள பள்ளத்துத் தண்ணி, லேசா பச்சையா. "மோயோ"ன்னாங்க. இந்த ஊர்ல மோயோன்னா தண்ணி. அவங்க திட்டல, அழல. எதிர்ல உக்காந்து நான் குடிக்கிறேனான்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் குடிக்கல பாப்பா. ரொம்ப நேரம் கழிச்சு எழுந்து போய்ட்டாங்க. பாட்டில் இன்னும் இங்கதான் இருக்கு.

இப்ப திறப்பு விழாவுக்கு ஒரு சர்ட்டிபிகேட் தயாராயிருக்கு. சுத்திகரிப்பு நிலையம் ஓடுது, தண்ணி சுத்தமா வெளிய போகுதுன்னு டெக்னீஷியன் கையெழுத்துப் போடணும். டெக்னீஷியன் நான். என் பாஸ்போர்ட், வந்த அன்னிக்கே பத்திரமா வைக்கிறோம்னு வாங்கிட்டாங்க. கையெழுத்துப் போட்டா கிறிஸ்துமஸுக்கு டிக்கெட். போடலன்னா பாஸ்போர்ட்டு எங்க இருக்குன்னே தெரியலன்னு சொல்லுவாங்களாம். சைட் மேனேஜர் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்.

கோபி விஷயத்த இப்ப எழுதலன்னா எப்பவும் எழுத மாட்டேன். அவன் தானா இறங்கல. ஆம்பூர் மேனேஜர் என்கிட்ட சொன்னார், நான் அவன்கிட்ட சொன்னேன். "ரெண்டு நிமிஷம்டா, பம்புல அடச்சத எடுத்துட்டு வந்துடு." அவன், "பயமா இருக்கு மாமா"ன்னான். "நான் மேல நிக்கிறேன் இல்ல"ன்னு சொன்னேன். மேலதான் நின்னேன். உங்க அம்மாகிட்ட இதப் படிச்சுக் காட்டு. நான் சொல்லியிருக்கணும். எனக்கு வாய் வரல.

இத உன்கிட்ட கேக்கக் கூடாது, நீ கொழந்த. ஆனா எனக்கு வேற யாரும் இல்ல. இன்னொரு தடவ கையெழுத்துப் போட்டா உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? போடலன்னா உன் மூஞ்சியப் பாக்கவே முடியாதோன்னு பயமா இருக்கு. நான் இன்னா பண்ணட்டும்? நீ எழுதினாலும் 18க்குள்ள வந்து சேராது. ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை போனுக்கு வா பாப்பா.

அப்பா


ஆம்பூர், கம்பெனி ஆபீஸ் வரவேற்பறை
17 அக்டோபர் 2025, வெள்ளி

அன்புள்ள அப்பா,

இந்தக் கடிதம் எப்படி உங்களிடம் வரும் என்று எனக்குத் தெரியாது. இனி எனக்காகத் தபரேஸ் அண்ணனால் எதையும் பார்சலில் வைக்க முடியாது. இருந்தாலும் நடந்ததை எழுதிவைக்க வேண்டும்.

உங்கள் கடிதம் போன சனிக்கிழமைதான் வந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை உங்களிடமிருந்து போன் வரவில்லை. நான் காலையிலிருந்து மதியம்வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "பயமா இருக்கு மாமா" என்ற இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. அம்மா வாங்கி, எழுத்துக் கூட்டி, மீதியை அவளே படித்தாள். அன்று அவள் சமைக்கவில்லை. மறுநாளும் உங்களைப் பற்றிப் பேசவில்லை. நேற்று காலை, தலை வாரிக்கொண்டே, "அவர் வரட்டும். வந்தப்புறம் கேட்டுக்கிறேன்" என்றாள்.

இன்று மதியம் மேனேஜர் சூரியபிரகாஷ் சார் எங்கள் இருவரையும் ஆபீசுக்கு வரச் சொன்னார். ஆட்டோவில் வரும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மெர்சி, நான் ஒரு தம்பியக் கொடுத்துட்டேன். இவரையும் கொடுக்க முடியாதுடி. போடச் சொல்லு. பெரிய மனுஷி மாதிரி எதுவும் பேசாத." நான் சரி என்றேன். உண்மையாகவே சரி என்றுதான் நினைத்தேன்.

சூரியபிரகாஷ் சார் எங்களுக்கு டீ வரவழைத்தார். "உங்கப்பா நல்ல டெக்னீஷியன்மா. நாலு நாளா ஏதோ பிடிவாதம். நாளைக்கு மந்திரி வர்றாரு. நீ பேசினா கேப்பார்னு சைட்ல சொன்னாங்க. நல்லபடியா எடுத்துச் சொல்லு. ஒரே ஒரு கையெழுத்து" என்றார். போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்து மேசை நடுவில் தள்ளினார். கதவருகே தபரேஸ் அண்ணன் பைலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.

"அப்பா" என்றேன். நீங்கள், "பாப்பா?" என்றீர்கள். மார்ச்சுக்குப் பிறகு உங்கள் குரலை அப்போதுதான் கேட்டேன். கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் அப்பா. அம்மா என் முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தாள். சொன்னால் கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வாசலில் நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"தண்ணி எங்கப்பா போகுது?"

சூரியபிரகாஷ் சார் நிமிர்ந்தார். நீங்கள் மூச்சு விடுவது கேட்டது. அப்புறம் நிதானமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னீர்கள். "பள்ளத்துக்குத்தான் பாப்பா. போனி வீட்டு மாடு குடிக்கிற பள்ளத்துக்கு."

"அப்ப போடாதீங்க" என்றேன்.

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் போனைத் தன் பக்கம் இழுத்தாள். நீங்களும் பயந்திருப்பீர்கள். "ஏங்க" என்றாள். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். நீங்கள் அழுதது இங்கே எல்லோருக்கும் கேட்டது. சூரியபிரகாஷ் சார் லைனை வெட்டிவிட்டார்.

"நல்லா வளத்திருக்கீங்கம்மா" என்றார் அம்மாவிடம். "டிக்கெட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவரு எங்க வேணா இருந்துக்கட்டும்." பிறகு தபரேஸ் அண்ணனைத் திரும்பிப் பார்த்து, "பார்சல்ல கடுதாசி வச்சது நீதானே? நாளையிலிருந்து வராதே" என்றார். அண்ணன் பைலை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். என்னைத் தாண்டும்போது, "உன் மேல கோவம் இல்ல பாப்பா" என்று மெதுவாகச் சொன்னார். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது.

நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்தேன். அம்மா எழவில்லை. வரவேற்பறைக்கு வந்து, கண்ணாடி அலமாரிக்கு எதிரே இருக்கும் சோபாவில் உட்கார்ந்துகொண்டாள். அவள் ஆபீஸ் சோபாவில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "எங்க வீட்டுக்காரர் பாஸ்போர்ட்ட அவர் கையில கொடுத்துட்டாங்கன்னு அவரே போன்ல சொல்லணும். அதுவரைக்கும் நாங்க இங்கதான்" என்றாள், கத்தாமல், யாரிடம் என்றில்லாமல். பிறகு என்னிடம், "இன்னா நின்னுக்கிட்டிருக்க? உக்காந்து எழுது. தேதி, மணி, யார் யார் இன்னா சொன்னாங்க, எல்லாத்தையும் எழுது. அன்னிக்கு கோபியப் பத்தின அந்தத் தாள எழுதினவன் யாருன்னுகூட நமக்குத் தெரியல" என்றாள்.

அதனால் எழுதுகிறேன். வீட்டிலிருந்து எந்தப் பேனாவை எடுத்துவந்தேன் என்று உங்களுக்கே தெரியும். எழுதுகிறது.

நாளை காலை அந்தச் சர்ட்டிபிகேட்டை மறுபடி உங்கள் முன்னால் வைப்பார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களை வீட்டுக்கு வரவிடாமல் செய்தவள் நான்தானோ என்றும் தெரியாது. பயமாக இருக்கிறது அப்பா. கோபி மாமா சொன்ன அதே வார்த்தைதான், வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

ஐந்தரைக்கு மற்ற எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். வாட்ச்மேன் இரண்டு முறை வந்து, "பூட்டணும்மா, எனக்குப் பிரச்சினை ஆயிடும்" என்றார். மூன்றாவது முறை வரும்போது ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அம்மா அதை எனக்குக் கொடுத்தாள். நான் குடித்தேன். மேலே மாடியிலிருந்து சூரியபிரகாஷ் சார் இறங்கிவந்து எங்களைப் பார்க்காமல் சுவரிலிருக்கும் ஸ்விட்ச் பக்கம் போனார்.

மணி ஆறு பத்து. விளக்குகளை அணைத்துவிட்டார். அம்மா போன் வெளிச்சத்தை இந்தத் தாள் மேல் பிடித்திருக்கிறாள்.